குழந்தைக்கு மூச்சுத்திணறல்: வென்டிலேட்டருக்கு முன்னால் இருக்கும் படிகள் என்னென்ன? முழு விளக்கம்

"குழாய் போட வேண்டியிருக்கும், கையெழுத்து போடுங்க."

குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் பெற்றோரை நிலைகுலைய வைக்கும் வார்த்தை இது. "வென்டிலேட்டர்ல வெச்சிருக்காங்களாம்" என்று யாராவது சொன்னாலே, கேட்பவர் "இனி அவ்வளவுதான்" என்று முடிவு கட்டிவிடுகிறார். சிலர் கையெழுத்துப் போடாமல் சொந்தக்காரர்களுக்கு போன் போட்டுக்கொண்டே இருப்பார்கள். சிலர் எழுதிக் கொடுத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அந்த நேரம்தான் குழந்தைக்கு ரொம்ப முக்கியமான நேரம். மூச்சுக்குழாயில் குழாய் போடுவது என்பது பல படிகள் கொண்ட சிகிச்சையில் கடைசிப் படி. அதற்கு முன்னால் இருக்கும் படிகள் சரியாக, சீக்கிரமாக நடந்தால் பல குழந்தைகளுக்குக் குழாயே தேவைப்படாது. குழாய் போட்டாலும் அது முடிவு அல்ல.

ஜவ்வாது மலை கிராமங்கள் முதல் கிரிவலப் பாதை வரை, திருவண்ணாமலை மாவட்டப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? பார்க்கலாம்.

குழந்தைகளுக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் மூச்சு அடைக்கிறது?

குழந்தை என்பது சின்ன சைஸ் பெரியவர் அல்ல. அதன் மூச்சுப்பாதையின் அமைப்பே வேறு.

பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய் சுமார் 4 மில்லிமீட்டர் அகலம்தான். சளியாலோ வீக்கத்தாலோ சுற்றிலும் 1 மில்லிமீட்டர் அடைத்தால் மிஞ்சுவது 2 மில்லிமீட்டர். பாதை பாதியானால் காற்று போவதற்கான தடை இரண்டு மடங்காகும் என்று நினைப்போம். அப்படி இல்லை, 16 மடங்கு ஆகிவிடும். இதே 1 மில்லிமீட்டர் வீக்கம் 8 மில்லிமீட்டர் அகலக் குழாயில் வந்தால் தடை சுமார் 3 மடங்குதான். அப்பாவுக்கு வெறும் தொண்டைக்கட்டாக இருப்பது கைக்குழந்தைக்கு உயிர்ப் பிரச்சினையாக மாறுவது இதனால்தான்.

குழந்தையின் நாக்கு வாய்க்குப் பெரியது. மயங்கினால் பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். பின்னந்தலை பெரியது என்பதால் மட்டமாகப் படுக்க வைத்தாலே கழுத்து முன்னால் மடங்கி மூச்சுப்பாதை மடிந்துபோகும். முதல் சில மாதங்களில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தாலே பால் குடிக்கத் திணறும்.

உடல் எடையோடு ஒப்பிட்டால், பெரியவர்களைவிட கைக்குழந்தைக்கு இரண்டு மடங்கு ஆக்சிஜன் தேவை. செலவு அதிகம், கையிருப்பு குறைவு. மூச்சு நின்றால் தாக்குப்பிடிக்கும் நேரமும் குறைவு.

இதயம் கடைசியில்தான் நிற்கும்

பெரியவர்களுக்கு மாரடைப்பு வந்து இதயம் திடீரென நின்றுவிடுவது உண்டு. குழந்தைகளிடம் பெரும்பாலும் வரிசை வேறு. முதலில் மூச்சு தடுமாறும். வேகவேகமாக மூச்சு வாங்கி உடல் சமாளிக்கப் பார்க்கும். பிறகு குழந்தை களைத்துப்போகும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். இதயத் துடிப்பு மெதுவாகும். அதன் பிறகுதான் இதயம் நிற்கும்.

இதயம் நின்ற பிறகு குழந்தையை மீட்பது மிகக் கடினம். மூச்சு தடுமாறும்போதே பிடித்துவிட்டால் காப்பாற்றும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். குழந்தைகள் அவசர சிகிச்சையின் அடிப்படையே இந்த இடைவெளியைப் பயன்படுத்துவதுதான்.

தமிழ்நாடு அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டமான 'தாய்' திட்டத்தில் விபத்து, மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம், விஷம் ஆகியவற்றோடு குழந்தைகளின் உயிர்மீட்பும் தனிப் பிரிவாக வைக்கப்பட்டிருக்கிறது. அவசர சிகிச்சைக்கு வருபவர்களை சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கும் முறை இதில் உண்டு. மூச்சுக்குத் திணறும் குழந்தை வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நேராக சிவப்புப் பகுதிக்குப் போக வேண்டும். சீட்டு வாங்குவதெல்லாம் பிறகுதான்.

வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிக்கலாம்?

கையில் ஒரு போன் இருந்தால் போதும். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கிவிட்டு, ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு முழு நிமிடம் வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது:

* 2 மாதத்துக்குள்: நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் என்றால் வேக மூச்சு
* 2 மாதம் முதல் 1 வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்
* 1 வயது முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்

இந்த அளவைத் தாண்டினால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கவே கூடாது, உடனே 108:

* மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுவது
* ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல் சத்தம்
* மூக்கின் இருபுறமும் விரிந்து சுருங்குவது
* உதடு, நாக்கு நீலம் பாய்வது
* பால் குடிக்க முடியாமல் போவது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது

ஒரு முக்கியமான எச்சரிக்கை. காலையில் வேகவேகமாக மூச்சு வாங்கிய குழந்தை மதியம் அமைதியாகிவிட்டால், "சரியாயிடுச்சு, தூங்குது" என்று விட்டுவிடக் கூடாது. முகம் தெளிந்து, விளையாடி, பால் குடித்தால்தான் அது குணம். துவண்டுபோய் மூச்சு மெதுவானால் குழந்தை களைத்துவிட்டது என்று அர்த்தம். மூச்சு நிற்பதற்கு முந்தைய கட்டம் அது.

"கணை", "மாந்தம்", "இழுப்பு" என்று பெயர் வைத்துக் கைவைத்தியம் பார்ப்பதும், தொக்கம் எடுக்கக் கூட்டிப்போவதும் இந்த நேரத்தைத்தான் தின்கின்றன. மூக்கில் எண்ணெய் விடவே கூடாது. அது நுரையீரலுக்குள் இறங்கி, தனியாக ஒரு நிமோனியாவை உண்டாக்கும்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

படி 1: வழி திறப்பது

முதல் வேலைக்கு மிஷினே தேவையில்லை. தலையைச் சரியான நிலையில் வைப்பதுதான். கைக்குழந்தையாக இருந்தால் தோளுக்கு அடியில் மடித்த துண்டை வைப்பார்கள். கழுத்து முன்னாலும் மடங்காமல், பின்னாலும் அதிகமாகச் சாயாமல் நேராக இருக்கும். சற்றுப் பெரிய குழந்தைக்கு, பூவை மோந்து பார்ப்பவர் முகத்தை நீட்டுவது போன்ற நிலை. பிறகு வாயிலும் மூக்கிலும் இருக்கும் சளி, வாந்தி, பாலை உறிஞ்சி எடுப்பார்கள். நாக்கு சரிந்து அடைத்திருந்த குழந்தைக்கு இதிலேயே மூச்சு சீராகிவிடுவது உண்டு.

படி 2: ஆக்சிஜன்

விரலிலோ பாதத்திலோ மாட்டும் சிவப்பு விளக்குக் கருவிதான் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். 1970-களில் ஜப்பான் பொறியாளர் டகுவோ அயோயாகி கண்டறிந்த தத்துவத்தில் இயங்குவது. ஊசி குத்தாமலே ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சொல்லும். 90%-க்குக் கீழே போனால் கட்டாயம் ஆக்சிஜன் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். மூக்கில் வைக்கும் மெல்லிய டியூப் அல்லது மாஸ்க் வழியாகக் கொடுப்பார்கள்.

"ஆக்சிஜன் வெச்சா பழகிடும், அப்புறம் எடுக்க முடியாது" என்பது தவறான நம்பிக்கை. நுரையீரல் தேறத் தேற, அளவைக் குறைத்து எடுத்துவிடுவார்கள்.

படி 3: குமிழி சிபேப்

ஆக்சிஜன் மட்டும் போதாத குழந்தைக்கு அடுத்த படி இது. நிமோனியாவிலும், குறைமாதக் குழந்தைகளிலும் நுரையீரலின் நுண்ணிய காற்றுப் பைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். புது பலூனை முதல் தடவை ஊதும்போது எவ்வளவு கஷ்டம்? ஒவ்வொரு மூச்சும் குழந்தைக்கு அப்படித்தான். மூக்கு வழியாகத் தொடர்ந்து லேசான அழுத்தத்தில் காற்று கொடுத்தால் பைகள் மூடாமல் இருக்கும். வாய் வழியாகக் குழாய் போடத் தேவையில்லை.

1971-ல் அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் கிரிகரியும் அவரது குழுவினரும் பச்சிளங்குழந்தைகளுக்கு இந்த முறையைப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார்கள். இதன் எளிய வடிவம்தான் குமிழி சிபேப். மூச்சு வெளியேறும் குழாயின் நுனியைத் தண்ணீர் பாட்டிலுக்குள் மூழ்க வைப்பார்கள். எத்தனை சென்டிமீட்டர் ஆழமோ அத்தனை அழுத்தம். தண்ணீரில் குமிழி வந்துகொண்டிருந்தால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

படி 4: ஆம்பு பேக்

மூச்சு ரொம்ப மெதுவானாலோ நின்றுவிட்டாலோ, முகத்தில் மாஸ்கை இறுக்கி வைத்து, பின்னால் இருக்கும் பையைக் கையால் அழுத்திக் காற்று செலுத்துவார்கள். டென்மார்க்கில் ஹோல்கர் ஹெஸ்ஸ, ஹென்னிங் ரூபன் ஆகிய இருவர் 1956-ல் கொண்டுவந்த கருவி இது. அழுத்திவிட்டால் தானே மறுபடி உப்பிக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம்.

பார்க்க எளிது, செய்வதில் நுணுக்கம் அதிகம். 3 கிலோ குழந்தைக்கு ஒரு மூச்சுக்கு வேண்டிய காற்று சுமார் 20 மில்லிலிட்டர், அதாவது நாலு டீஸ்பூன்தான். பதற்றத்தில் ஓங்கி அழுத்தினால் நுரையீரல் காயப்படும், வயிறு உப்பி வாந்தி வரும். 2 முதல் 3 விநாடிக்கு ஒரு முறை, நெஞ்சு லேசாக எழும்பும் அளவுக்கு மட்டுமே அழுத்த வேண்டும்.

இது குழாய்க்கு எந்த அளவுக்கு ஈடுகொடுக்கும்? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ், ஆரஞ்ச் மாவட்டங்களில் 830 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2000-ம் ஆண்டு வெளியானது. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் சில குழந்தைகளுக்கு ஆம்பு பேக் மட்டும் பயன்படுத்தினார்கள். சிலருக்குக் குழாய் போட முயன்றார்கள். குழாய் போட்டதால் பிழைத்தவர்கள் எண்ணிக்கை கூடவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில், பழகிய கையில் இருக்கும் ஆம்பு பேக்கே போதுமான ஆயுதம் என்பதைத்தான் அது காட்டியது.

படி 5: குழாயும் வென்டிலேட்டரும்

இவ்வளவுக்கும் மூச்சு போதவில்லை, அல்லது குழந்தை நினைவிழந்து தன் மூச்சுப்பாதையைத் தானே காத்துக்கொள்ள முடியவில்லை என்றால்தான் இந்தப் படி. வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் இறக்குவார்கள். பிறந்த குழந்தைக்கு அதன் உள் அகலம் சுமார் 3.5 மில்லிமீட்டர். 4 வயதுக் குழந்தைக்கு சுமார் 4.5 மில்லிமீட்டர். வலி தெரியாமல் இருக்கத் தூக்க மருந்து கொடுப்பார்கள். குழந்தை அசையாமல் கிடப்பது பெரும்பாலும் அந்த மருந்தால்தான்.

கோபன்ஹேகனில் கைகள் காத்த உயிர்கள்

வென்டிலேட்டர் என்ன செய்கிறது என்று புரிய, டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் 1952-ல் நடந்ததைப் பார்க்க வேண்டும். அங்கே இளம்பிள்ளைவாதம் கொத்துக்கொத்தாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து பிளெக்டம் மருத்துவமனைக்கு வந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்தார்கள்.

ஆகஸ்ட் 27 அன்று, மயக்க மருந்து டாக்டர் பியோர்ன் இப்சென், சாகும் நிலையில் இருந்த 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். மற்றவர்களுக்கும் இதையே செய்ய முடிவெடுத்தார்கள். மிஷின் இல்லை. சுமார் 1,500 மாணவர்கள் ஷிப்ட் போட்டு, இரவு பகலாக, வாரக்கணக்கில் பையை அழுத்தினார்கள். பத்தில் ஒன்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு நான்கில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. இன்றைய ஐசியூ பிறந்த கதை இதுதான்.

அந்த மாணவர்கள் நோயைக் குணப்படுத்தவில்லை. உடல் தேறும்வரை மூச்சைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். வென்டிலேட்டர் செய்வதும் அதே வேலைதான். கால் உடைந்தவருக்குக் கட்டை போல அது நுரையீரலுக்கு ஒரு துணை. தேறியதும் எடுத்துவிடுவார்கள்.

ஷாம்பு பாட்டில் செய்த அற்புதம்

விலை உயர்ந்த மிஷின் இல்லாத இடத்தில் என்ன செய்வது? பதில் வங்கதேசத்தில் இருந்து வந்தது. டாக்டர் முகமது ஜோபாயர் சிஸ்டி 1996-ல் பயிற்சி டாக்டராக இருந்தபோது, ஒரே இரவில் 3 குழந்தைகள் நிமோனியாவால் இறந்ததைப் பார்த்தார். பல ஆண்டுகள் கழித்து ஆஸ்திரேலியாவில் குமிழி சிபேப்பைப் பார்த்தவர், ஊர் திரும்பியதும் காலி ஷாம்பு பாட்டில், தண்ணீர், சாதாரண டியூப் ஆகியவற்றை வைத்து அதைச் செய்துகாட்டினார்.

டாக்கா மருத்துவமனையில் 225 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2015-ல் லான்செட் இதழில் வெளியானது. வழக்கமான ஆக்சிஜன் பெற்றவர்களில் 15% பேர் இறந்தனர். குமிழி சிபேப் பெற்றவர்களில் 4% பேர்தான் இறந்தனர்.

பாட்டில் மட்டும் காப்பாற்றவில்லை. பயிற்சி பெற்ற டாக்டர்களும், பக்கத்திலேயே நின்று கவனித்த நர்ஸ்களும் அங்கே இருந்தார்கள். அதனால் வீட்டில் யாரும் இதை முயற்சி செய்யக் கூடாது.

மல்லாட்டை ஊரில் மறக்கக் கூடாதது

திருவண்ணாமலை, நிலக்கடலைக்குப் பேர்போன மாவட்டம். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில், திண்ணையில், பஸ்ஸில் எங்கும் மல்லாட்டைதான். குழந்தைகளின் மூச்சுக்குழாயில் சிக்கும் பொருட்களில் முன்வரிசையில் இருப்பதும் இதே மல்லாட்டைதான்.

1 முதல் 3 வயதுக் குழந்தைக்குக் கடைவாய்ப் பல் முழுசாக முளைத்திருக்காது. பருப்பை மெல்ல முடியாது. சிரிக்கும்போதோ ஓடும்போதோ அழும்போதோ அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். அங்கே ஈரத்தில் ஊறி உப்பும். அதன் எண்ணெய் சுற்றிலும் வீக்கத்தை உண்டாக்கும்.

எக்ஸ்ரேயில் மல்லாட்டை தெரியாது. "எக்ஸ்ரே நார்மல்" என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. சாப்பிடும்போது திடீரெனப் புரையேறி, பிறகு நாள்கணக்கில் இருமலோ ஒரு பக்கம் மட்டும் விசில் சத்தமோ இருந்தால், அந்தப் புரையேறிய சம்பவத்தை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பிராங்கோஸ்கோபி மூலம் எடுத்துவிடலாம். 4-5 வயது வரை முழுப் பருப்பு கொடுக்காமல், பொடித்தோ அரைத்தோ கொடுப்பதுதான் பாதுகாப்பு.

தொண்டையில் சிக்கிவிட்டால் என்ன செய்யணும்?

* குழந்தை சத்தமாக இருமினால் இருமவே விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.
* சத்தமே வராமல், மூச்சு விட முடியாமல் திணறினால் உடனே செயல்பட வேண்டும்.
* 1 வயதுக்குள்: முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ்வாக இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் 5 தட்டு. பிறகு திருப்பி, நெஞ்சின் நடுவே 5 அழுத்தம். மாறி மாறிச் செய்ய வேண்டும்.
* 1 வயதுக்கு மேல்: முன்னால் குனிய வைத்து முதுகில் 5 தட்டு. பிறகு பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே கைமுஷ்டியால் உள்ளேயும் மேலேயுமாக 5 அழுத்தம்.
* பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. இன்னும் உள்ளே தள்ளிவிடும்.
* மயங்கி, மூச்சும் நின்றுவிட்டால் 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, தனியாக இருப்பவர் 30 முறை நெஞ்சை அழுத்தி 2 முறை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். குழந்தைகளுக்கு நெஞ்சை அழுத்துவது மட்டும் போதாது. மூச்சும் தேவை.

நுரையீரல் நன்றாக இருந்தும் மூச்சு நிற்குமா?

நிற்கும். கட்டுவிரியன் கடி இதற்கு உதாரணம். பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலியோ வீக்கமோ தெரியாமலே இருக்கலாம். "வயிறு வலிக்குது" என்று எழும் குழந்தைக்குக் கண் இமை தொங்க ஆரம்பிக்கும். பேச்சு குழறும். பிறகு மூச்சுத் தசைகள் செயலிழக்கும். விஷமுறிவு மருந்து கொடுத்தாலும் தசைகள் மீளச் சில நாட்கள் ஆகலாம். அதுவரை ஆம்பு பேக்கும் வென்டிலேட்டரும்தான் உயிர். கோபன்ஹேகனில் நடந்தது போலத்தான். மூச்சைத் தாங்கிப் பிடித்தால் முழுமையாக எழுந்து நடக்கும் வாய்ப்பு அதிகம் உள்ள நோயாளி இவர்.

கோயில் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் கற்பூரம் இன்னொரு ஆபத்து. கற்கண்டு என்று நினைத்து விழுங்கும் சின்னக் குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். வலிப்பு நீடித்தால் மூச்சு தடைபடும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பக்கவாட்டில் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். கையில் சாவி கொடுப்பது, பல்லிடுக்கில் ஸ்பூன் வைப்பது இரண்டும் வேண்டாம்.

தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருபவர்கள், இழுப்பு உள்ள குழந்தை கூட இருந்தால் இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கையிலேயே வைத்திருப்பது நல்லது. கற்பூரப் புகையும், கூட்டத்தின் தூசியும், இரவுக் குளிரும் சேர்ந்து இழுப்பைக் கிளப்பிவிடும்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது என்ன கேட்கணும்?

ஜமுனாமரத்தூரில் இருந்து வளைந்து இறங்கும் மலைச்சாலை, பிறகு திருவண்ணாமலை வரை தரைவழி. 2013-ல் தொடங்கப்பட்ட திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைதான் மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனை. அங்கிருந்தும் மேல்சிகிச்சை தேவை என்றால் வேலூர், புதுச்சேரி ஜிப்மர், அல்லது சுமார் 190 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை.

குழந்தைக்கு மிக ஆபத்தான நேரம் பெரும்பாலும் இந்தப் பயணம்தான். ஒரு கணக்கு பாருங்கள். 'பி' வகை சிலிண்டர் ஒன்றில் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 150 நிமிடத்தில், அதாவது இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அந்த நேரத்துக்குள் சென்னை போய்ச் சேர முடியாது.

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15 முதல் 108 சேவை இருக்கிறது. பச்சிளங்குழந்தைகளுக்கெனத் தனி வண்டிகளும் உண்டு. காரில் மடியில் வைத்துக்கொண்டு பறப்பதைவிட, ஆக்சிஜனும் ஆம்பு பேக்கும் பழகிய ஆளும் இருக்கும் வண்டியில் போவதே பாதுகாப்பு. கிளம்பும் முன் தயங்காமல் கேளுங்கள்:

* போய்ச் சேரும்வரை ஆக்சிஜன் போதுமா? கூடுதல் சிலிண்டர் இருக்கா?
* குழந்தையின் வயசுக்கேற்ற ஆம்பு பேக்கும் மாஸ்கும் வண்டியில் இருக்கா?
* வழியில் மூச்சு நின்றால் யார் பார்ப்பாங்க?
* போகிற ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிச் சொல்லியாச்சா? படுக்கை இருக்கா?

கிளம்புவதற்கு முன் குழாய் போடலாம் என்று டாக்டர் சொன்னால், அதற்கும் காரணம் இருக்கும். ஆடும் வண்டியில், மெலிந்த வெளிச்சத்தில் போடுவதைவிட இங்கேயே போடுவது எளிது.

"குழாய் போட்டா அவ்வளவுதானா?"

இல்லை. எத்தனை நாள் என்பது நோயைப் பொறுத்தது. நிமோனியா குறைந்து, ஆக்சிஜன் தேவை இறங்கி, குழந்தை தானே மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் மிஷினின் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். பிறகு குழாயை எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் சிபேப்புக்கோ சாதாரண ஆக்சிஜனுக்கோ மாற்றுவார்கள். ஏறிய படிகளில் ஒவ்வொன்றாக இறங்குவது மாதிரிதான். குழாய் எடுத்தபின் சில நாள் குரல் கம்மியிருக்கலாம்.

ஆபத்து இல்லையா? இருக்கிறது. குழாய் வழியாகக் கிருமித்தொற்று வரலாம். அதிக அழுத்தம் நுரையீரலைப் பாதிக்கலாம். குழாய் நழுவலாம். அதனால்தான் தேவைக்கு மேல் ஒரு நாளும் வைக்க மாட்டார்கள். எல்லாக் குழந்தைகளும் பிழைத்துவிடுவார்கள் என்றும் யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் தேவைப்படும் நேரத்தில் மறுத்தால், களைத்துப்போன குழந்தைக்கு வேறு வழி இருக்காது.

கையெழுத்துக் கேட்கும்போது பெற்றோர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்: எதனால் மூச்சு போதவில்லை? முந்தைய படிகளை முயன்று பார்த்தாச்சா? எப்போ எடுக்க முடியும்னு எதை வெச்சு முடிவு பண்ணுவீங்க? பதிலைக் கேட்டுக்கொண்டு உடனே முடிவெடுப்பது நல்லது.

வராமல் தடுக்க முடியுமா?

பெருமளவு முடியும். ஹிப் கிருமிக்கு எதிரான பாதுகாப்பு அடங்கிய பென்டாவேலன்ட் தடுப்பூசி, 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அரசுத் திட்டத்தில் வந்தது. நிமோகாக்கல் தடுப்பூசி 2021 ஜூலையில் தமிழக அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் என 3 தவணை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அடுப்புப் புகையும் பீடி, சிகரெட் புகையும் இல்லாத அறை, கை கழுவும் பழக்கம் ஆகியவையும் நிமோனியாவைக் குறைக்கும்.

சந்தேகம் இருந்தால் 104-ல் ஆலோசனை கேட்கலாம். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ உதடு நீலமானாலோ 104 வேண்டாம், நேராக 108.

இன்று ராத்திரி குழந்தை தூங்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். நல்லா இருக்கும்போது எத்தனை என்று தெரிந்தால்தான், நல்லா இல்லாதபோது வித்தியாசம் தெரியும்.